வயல் ஓரப் பரணில் மூன்றாம் வாரத்திலேயே மான் வரத்து நின்றுவிடுகிறது: சீசன் முழுக்க இடம் தேர்வது எப்படி?

பரண்தேடி (கேள்வி)

வெள்ளைவால் மான் வேட்டைக்கு இடம் பார்ப்பது பற்றி. நிலம் பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், முகடும் பள்ளத்தாக்கும் மாறி மாறி வரும் பகுதி. 70 ஏக்கர், எழுத்தில் அனுமதி இருக்கிறது. அமைப்பு இதுதான்:

கிழக்கே சாலை. சாலையை ஒட்டி 15 ஏக்கர் சோயா வயல். வயலுக்கு மேற்கே காடு தொடங்கி மேலே ஏறுகிறது, ஏற ஏற ஓக் மரங்கள் அதிகம். உச்சியில் முகடு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. முகட்டின் நடுவில் ஒரு தாழ்வு, குதிரைச் சேணம் மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் மாநில வேட்டை நிலம், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். வட மூலையில் 4 வருடம் முன்பு மரம் வெட்டிய 8 ஏக்கர், இப்போது முள்ளும் புதருமாக நுழைய முடியாமல் கிடக்கிறது. தெற்கு எல்லையில் ஒரு ஓடை மேலிருந்து இறங்கி, வயலின் தென்முனையைத் தொட்டுச் சாலைப் பக்கம் போகிறது.

இருப்பது ஒரே ஏணிப் பரண், வயலின் மேற்கு ஓரத்தில், நடு மையத்தில். அக்டோபர் தொடக்கத்தில் வில் சீசன் திறந்ததும் மாலையில் மான் வருகிறது. மூன்றாம் வாரம் வயல் வெறிச்சோடிவிடுகிறது. பரணை நகர்த்த வேண்டுமா, அல்லது பொறுமையாக அங்கேயே உட்கார வேண்டுமா? துப்பாக்கி சீசனுக்கும் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய கடைசிச் சுற்றுக்கும் வேறு இடம் தேவையா?

---

முகட்டுக்காற்று

நீங்கள் திசைகளோடு எழுதியதால் பதில் சொல்வது எளிது. மான் வயலை விட்டுப் போனதற்கு இரண்டு காரணம் இருக்கிறது. உணவு மாறியது ஒன்று, அதை வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள். இன்னொன்று உங்கள் பரண் இருக்கும் இடம்.

அந்தப் பகுதியில் இலையுதிர்காலத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று. உங்கள் பரண் வயலின் மேற்கு ஓரத்தில். ஆக, உங்கள் உடல் வாடை நேராக வயலுக்குள் இறங்குகிறது. காற்று சுத்தமாக நின்றுபோன மாலையிலும் இதே கதைதான்: சூரியன் சாய்ந்ததும் சரிவில் உள்ள காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி கீழ்நோக்கி வழியும். காட்டிலிருந்து வயலுக்கு. மான் வயலுக்குள் நாற்பது கஜம் நடந்ததும் தலையைத் தூக்கும், முன்காலைத் தரையில் தட்டும், திரும்பிவிடும். நாலு மாலை அப்படி நடந்தால் அதற்குப் பிறகு இருட்டிய பின்தான் வரும். வயல் காலியாகவில்லை, பகலில் காலியாகிறது.

மாலைப் பரணை வயலின் தென்முனைக்கு, ஓடைப் பக்கம் நகர்த்துங்கள். வடக்கு, வடமேற்குக் காற்றில் உங்கள் வாடை வயலைத் தொடாமல் தெற்காகவும் சாலைப் பக்கமாகவும் போகும். மாலையில் வழியும் குளிர்காற்றும் ஓடைப் பள்ளத்தில் விழுந்து, ஓடையோடே கிழக்கே போய்விடும். தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று அடிக்கும் நாளில் அந்தப் பரணில் ஏறாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

வானிலைச் செயலி சொல்லும் காற்றை நம்பி மரத்தில் ஏறுவது தவறு. மில்க்வீட் காய் வெடித்து வரும் பஞ்சு, நம் எருக்கம்பஞ்சு மாதிரியே இருக்கும், அதைக் கொஞ்சம் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பரணில் உட்கார்ந்தபடி ஒரு இழை விடுங்கள். பொடி தூவும் குப்பி இரண்டடி தூரம்தான் காட்டும். பஞ்சு 60, 70 கஜம் வரை கண்ணுக்குத் தெரிந்தபடியே மிதக்கும். எங்கே சுழல்கிறது, எங்கே தரைக்கு இறங்குகிறது என்று பார்க்கலாம். காலையில் ஒருமுறை, வெயில் சரிவில் பட்டபின் ஒருமுறை, சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு ஒருமுறை. மூன்றும் மூன்று விதமாகப் போகும்.

அப்புறம், நீங்கள் பரணுக்கு வரும் வழியும் போகும் வழியும். இருட்டியதும் வயலில் எட்டு மான் மேய்ந்துகொண்டிருக்கும்போது ஏணியில் இறங்கினால் அந்த இடத்தின் சோலி முடிந்தது. யாரையாவது வண்டியில் வயலுக்குள் வரச் சொல்லுங்கள். டிராக்டரோ பிக்கப்போ வந்தால் மான் ஒதுங்கும், ஆனால் அதைப் பண்ணை வேலையாக எடுத்துக்கொள்ளும். மரத்தோடு உங்களைச் சேர்த்துப் பார்க்காது.

---

ஓக்கொட்டை

உணவுப் பக்கத்த நான் சொல்றேன். சோயா இலை பச்சையா இருக்கிற வரைக்கும்தான் மானுக்கு அதுல ருசி. மஞ்சளடிச்சு இலை கொட்ட ஆரம்பிச்சா திரும்பிப் பார்க்காது. அதே வாரத்துலதான் மேல ஓக் கொட்டை விழும். நிறைய பேர் இதுக்கு "அக்டோபர் மந்தம்"னு பேர் வெச்சிருக்காங்க. மான் மந்தமாகல, முந்நூறு கஜம் மேல ஏறிடுச்சு, அவ்வளவுதான்.

எந்த ஓக்னு தெரியணும். இலை ஓரம் வட்ட வட்டமான மடலா இருந்தா வெள்ளை ஓக். ஒவ்வொரு மடலும் கூரா, நுனியில மயிர் மாதிரி முள்ளோட முடிஞ்சா சிவப்பு ஓக் வகை. வெள்ளை ஓக்ல துவர்ப்பு கம்மி, மான் முதல்ல அதத்தான் தின்னும். அது பூத்த வருஷமே கொட்டை தரும். சிவப்பு ஓக் பூத்த அடுத்த வருஷம்தான் தரும். இதனால ஒரு லாபம் இருக்கு: பூ விடுற சமயம் வசந்தத்துல கடும் பனி விழுந்திருந்தா அந்த இலையுதிர்காலம் வெள்ளை ஓக்கை நம்பாதீங்க, நேரா சிவப்பு ஓக்குக்குப் போங்க, அதோட கொட்டை போன வருஷப் பூவுல வந்தது. முகட்டு உச்சியில பாறைங்களுக்கு நடுவுல செஸ்ட்நட் ஓக் இருக்கும், பட்டை ஆழமா வரிவரியா பிளந்திருக்கும். அதுவும் வெள்ளை ஓக் கூட்டம்தான், கொட்டை பெருசு, சீக்கிரமா விழும்.

ஆகஸ்ட் கடைசியில பைனாகுலர் எடுத்துட்டுப் போய் மரத்தோட உச்சிக் கிளையைப் பாருங்க. எல்லா மரமும் காய்க்காது. பத்து மரத்துல ரெண்டு மூணுதான் கிளை வளையற அளவு காய்ச்சிருக்கும். அதை வரைபடத்துல குறிச்சு வையுங்க.

அக்டோபர்ல கீழ போய்ப் பார்க்கிறப்போ வெறும் கொட்டை கிடக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. தொப்பியோட சேர்ந்து விழுந்தது பெரும்பாலும் சொத்தை. குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தா வண்டு தின்னது. நல்ல கொட்டை தொப்பியை விட்டுட்டுத் தனியா விழும், கையில கனக்கும். மான் தின்னுற மரத்தடியில காய்ஞ்ச இலை புரட்டிப் போட்டாப்ல இருக்கும், நசுங்கின தோல் சிதறிக் கிடக்கும், புழுக்கை பளபளன்னு கறுப்பா ஈரமா இருக்கும். ஒரே மரத்தடியில பழசு, புதுசுன்னு ரெண்டு மூணு குவியல் பார்த்தீங்கன்னா அது தினமும் வர்ற மரம். வான்கோழியும் இலையைக் கிளறும், ஆனா அது பெரிய பரப்புக்கு ஒரேயடியா சீச்சிப் போட்டிருக்கும்.

அங்க ஏணிப் பரண் தூக்கிட்டுப் போகாதீங்க. இந்தத் தீனி இரண்டு மூணு வாரம்தான், அதுக்குள்ள மரம் மாறும். தோளில் மாட்டிப்போற இலேசான பரணும் நாலு ஏறுகுச்சியும் போதும், இல்லன்னா சேடில் (மரத்தோட கட்டிக்கிட்டு தொங்கி உட்கார்ற பட்டை இருக்கை). தடத்துலேருந்து 15 முதல் 20 கஜம் தள்ளி, 18 அடி உயரம். அதுக்கு மேல ஏறினா வில்லுக்குக் கோணம் கெட்டுப்போகும். காலடியில நிக்கிற மானை மேலேருந்து அடிச்சா அம்பு ஒரு நுரையீரலோட நின்னுடும். அந்த மான் ரொம்ப தூரம் போகும், கிடைக்காது. அந்த அம்பை விடவே கூடாது.

---

பரண்தேடி

ரொம்ப நன்றி. வாடை வயலுக்குள் இறங்குவது இத்தனை நாளாக யோசிக்காத விஷயம். நவம்பர் பற்றி ஒரு கேள்வி: ரட் (இணைசேரும் பருவம்) சமயத்தில் ஆண் மான் எங்கே வேண்டுமானாலும் ஓடும் என்கிறார்கள். அப்படியானால் இடம் பார்ப்பதற்கே அர்த்தம் இல்லையா? வயல் ஓரம் முழுக்கப் பிறாண்டல்கள், அதாவது ஆண் மான் காலால் மண்ணைச் சுரண்டிய இடங்கள், இருக்கின்றன. அவற்றின் மேல் உட்காரலாமா? காலையில் வயலைக் கடக்காமல் மேலே போக வழியும் தெரியவில்லை.

---

தடம்பிடிப்பவர்

ஆண் மான் எங்கு வேண்டுமானாலும் ஓடாது நண்பரே, பெண் மான் இருக்கும் இடத்துக்கு ஓடும். அங்கே பெரும்பாலான மான்கள் இணைசேர்வது நவம்பர் நடுவாக்கில். பகல் நீளம் குறைவதுதான் அதைத் தீர்மானிக்கிறது, குளிர் அல்ல. குளிர் வந்தால் அதே மான் பகலில் கூடுதலாக நடமாடும், அவ்வளவே.

வயல் ஓரப் பிறாண்டல்களை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரவில் போட்டவை. பிறாண்டலுக்கு மேலே நாலைந்து அடி உயரத்தில் ஒரு கிளை தொங்கும், அதன் நுனி மென்று கசங்கியிருக்கும். தரையைவிட அந்தக் கிளைதான் முக்கியம். வயலிலிருந்து 80, 100 கஜம் உள்ளே, அடர்த்திக்குப் பக்கத்தில் அப்படியொரு கிளை வருடா வருடம் பயன்பட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதுவும் அக்டோபர் கடைசி வாரத்தில். பெண் மான்கள் பருவத்துக்கு வந்ததும் ஆண் மான் பிறாண்டுவதையே குறைத்துவிடும்.

உங்கள் நிலத்தில் நவம்பர் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரே இடம்தான் சொல்வேன்: மரம் வெட்டிய அந்த 8 ஏக்கரின் தென்கிழக்கு ஓரம். 4 வருடப் புதர் என்றால் பெண் மான்கள் குட்டிகளோடு அங்கேதான் படுக்கும், சிவப்பு மேப்பிள் அடிக்கட்டைத் துளிர் தின்னவும் அங்கேதான் நிற்கும். வடமேற்குக் காற்றில் அதன் வாடை முழுதும் தென்கிழக்கு ஓரத்தில் வந்து விழும். ஆண் மான் உள்ளே நுழையாது. அந்த ஓரமாகவே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடக்கும். பருவத்துக்கு வந்த பெண் மான் இருந்தால் மட்டும் திரும்பும். அந்த நடைவரி புதர் விளிம்பிலிருந்து 20, 30 கஜம் தள்ளி இருக்கும். பரண் அதற்கும் 20 கஜம் வெளியே, வயல் பக்கமாக. அப்போது உங்கள் வாடை ஆளில்லாத வயலுக்குப் போகும்.

போகும் வழிக்கு இரண்டு யோசனை. முகட்டுக்குப் போவதென்றால் ஓடைக்குள் நடந்து ஏறுங்கள். கரை உங்களை மறைக்கும், தண்ணீர் சத்தம் காலடியை மறைக்கும், பெரும்பகுதி தண்ணீரிலேயே நடந்தால் தரையில் வாடையும் மிச்சப்படும். புதர் ஓரத்துக்கு என்றால் அந்த வழி சரிப்படாது, குறுக்கே நடக்க வேண்டிவரும். விடிந்து, வயலில் மான் இல்லை என்று சாலையிலிருந்தே பைனாகுலரில் பார்த்துவிட்டு, எட்டரை மணிக்கு வயலின் வடக்கு ஓரமாகப் போய் ஏறுங்கள். ரட் சமயத்தில் அது தாமதம் இல்லை. காலை 10 முதல் பிற்பகல் 2 வரை நல்ல நேரம், பலர் சாப்பிட இறங்கிவிடும் நேரமும் அதுதான். ஏறினால் மாலை வரை உட்காரும் ஏற்பாட்டோடு ஏறுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன், அஸ்தமனத்துக்கு அரை மணி பின் என்ற சட்ட எல்லையை அன்றைக்குப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடம் அந்த முகட்டுத் தாழ்வு. முகட்டைக் கடக்கிற எந்த மானும் மிகக் குறைவான ஏற்றத்தைத் தேடும். வரைபடத்தில் உயரக்கோடுகள் மணற்கடிகாரம் போல ஒடுங்கும் இடம் அதுதான். காற்று மறைவான தென்கிழக்குச் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு தடம் கிடைமட்டமாக ஓடும். அது தாழ்வைத் தொடும் புள்ளியில் உட்காரலாம்.

---

முகட்டுக்காற்று

தடம்பிடிப்பவர் சொன்ன கடைசி இடத்துக்கு ஒரு எச்சரிக்கை. முகட்டைத் தாண்டி வரும் காற்று காற்று மறைவான பக்கத்தில் நேராகப் போகாது. சரிவு செங்குத்தாக இருந்தால் கீழே மடிந்து சுருண்டு திரும்பும். காலை வெயில் பட்டதும் சரிவுக்காற்று மேலே ஏறி, முகட்டுக் காற்றோடு அந்த மேல் மூன்றில் ஒரு பங்கில்தான் சந்திக்கும். மான் அங்கே படுப்பதே அதற்காகத்தான்: பின்னாலிருந்து வருவதை மூக்கு பார்த்துக்கொள்ளும், கீழே இருப்பதைக் கண்ணும் ஏறுகாற்றும் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தடத்துக்குக் கீழே உட்கார்ந்தால் பத்து மணிக்கு மேல் உங்கள் வாடை மான் முகத்துக்கே ஏறும். தடத்துக்குச் சற்று மேலே, தாழ்வின் ஓரத்தில் மரம் பாருங்கள். பஞ்சு விட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பஞ்சு சுழன்று உங்களிடமே திரும்பினால் அந்த மரம் வேண்டாம், 30 கஜம் தள்ளி இன்னொன்று.

---

பனித்தடம்

துப்பாக்கி சீசன் பற்றி யாரும் சொல்லவில்லை, அது தனிக் கணக்கு. தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழன்) முடிந்த சனிக்கிழமை அது திறக்கும்போது, உங்கள் மானின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பது தீனியோ காற்றோ அல்ல, முகட்டுக்கு அந்தப் பக்கம் வரும் ஆட்கள். விடியும் முன் பொது நிலத்தில் ஆட்கள் ஏறுவார்கள், மான் இந்தப் பக்கம் தள்ளப்படும். தாழ்வு வழியாக வந்து நேரே மரம் வெட்டிய புதருக்குள் புகும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவில், முதல் வெளிச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு 9 மணிக்கும் நண்பகலுக்கும் ஆட்கள் குளிர் தாங்காமல் எழுந்து நடக்கும்போது இன்னொரு அசைவு வரும்.

முகட்டு விளிம்பில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடவே கூடாது. குண்டுக்குப் பின்னால் மண் இல்லை, அந்தப் பக்கம் மனிதர்கள் இருக்கிறார்கள். மான் இறங்கி, அதன் பின்னே சரிவு தெரியும்வரை காத்திருங்கள். பரணை இடும்போதே இதை யோசித்து, சுடும் திசை எப்போதும் மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். ஆட்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து துப்பாக்கிக்கு 150 கஜம், வில்லுக்கு 50 கஜம் விலக்கு. சாலையோரம் வீடு இருந்தால் வயல் பரணுக்கு இது முக்கியம். தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு.

மானை ஈர்க்கும் வாடை மருந்து வாங்கும் எண்ணம் இருந்தால்: மான்களுக்கு வரும் நலிவு நோய் பென்சில்வேனியாவில் 2012 முதல் இருக்கிறது. நோய்க் கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் சிறுநீரால் செய்த வாடை மருந்து கூடாது, தலை, முதுகெலும்பு போன்ற பகுதிகளை வெளியே எடுத்துப்போகவும் கூடாது. உங்கள் இடம் எந்த வட்டாரத்தில் வருகிறது என்பதை ஒவ்வொரு வருடமும் பாருங்கள், எல்லை மாறும்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு திரும்ப வயலுக்கு வாருங்கள். அறுவடையில் சிந்திய சோயா மணிகளுக்கு மான் திரும்பும். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த சில வாரத்திலேயே முளைவிடும், மீதியை மான் தின்றிருக்கும். சிவப்பு ஓக் கொட்டை மட்டும் பனிக்குக் கீழே கிடக்கும். பனியைக் காலால் தோண்டி இலை வெளியே இழுத்திருக்கும் வட்டங்கள் தெரிந்தால் அதுதான். உங்கள் சரிவு தென்கிழக்கு நோக்கியது, காலை வெயில் முதலில் படும். மான் அங்கேயே படுத்து, மூன்று மணிக்கு மேல் வயலை நோக்கி இறங்கும். இந்தச் சமயத்தில் காலையில் போகவே வேண்டாம், படுத்திருப்பதைக் கிளப்பிவிடுவீர்கள். கடுங்குளிர் வருவதற்கு முந்தைய மாலை, அல்லது பனி பெய்து ஓய்ந்த மாலை. ஓடைமுனைப் பரண், வடமேற்குக் காற்று. ஒரு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் ஏறாதீர்கள். ஜனவரியில் மிஞ்சியிருக்கும் மான் ஒருமுறை மிரண்டால் அந்தச் சீசனில் பகலில் திரும்பாது.

எல்லாப் பரணுக்கும் பொருந்துவது: முழு உடல் ஹார்னஸ் (உடலோடு கட்டும் பாதுகாப்புப் பட்டை), தரையிலிருந்து உச்சிவரை ஒரு பாதுகாப்புக் கயிறு, ஏறுமுன் தரையிலேயே மாட்டிக்கொள்வது. விழுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்த, பரணை மரத்தோடு கட்டும் பட்டைகளை வருடாவருடம் மாற்றுங்கள். மரம் பருக்கும், இறுக்கிக் கட்டிய பட்டை தானாக அறும். குண்டு போடாத துப்பாக்கியை, குழாய் கீழ்நோக்கியபடி, கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

---

பரண்தேடி

ஆக ஓடைமுனை, ஓக் சரிவில் நகரும் பரண், புதரின் தென்கிழக்கு ஓரம், தாழ்வு. மரத்தில் கட்டினால் தானாகப் படமெடுக்கும் கேமரா இரண்டுதான் இருக்கிறது. எங்கே கட்டுவது?

---

தடம்பிடிப்பவர்

ஒன்று மான் ஓடையைக் கடக்கும் இடத்தில், ஒன்று புதர் ஓரத்து நடைவரியில். இடுப்பு உயரம், வடக்கு பார்த்து. கிழக்கு மேற்கு பார்த்தால் பாதிப் படம் வெயிலில் வெளிறிவிடும். தடத்துக்கு நேர் குறுக்காக வைக்காமல் சாய்வாக வையுங்கள், இல்லாவிட்டால் பின்பாதி மட்டும்தான் விழும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நண்பகலில், மழைக்கு முன் போய் எடுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில், பனி உருகித் துளிர் வருவதற்கு முன், முழு நிலத்தையும் ஒருமுறை நடந்துவிடுங்கள். நவம்பர் தடங்கள் அப்படியே தெரியும், யாரையும் கலைத்த குற்றமும் இல்லை. கொம்பு உரசிய மரங்களில் எந்தப் பக்கம் பட்டை உரிந்திருக்கிறது என்று பாருங்கள்: அந்தப் பக்கத்திலிருந்துதான் மான் வந்தது. உரசல்கள் வயலை நோக்கியிருந்தால் காலையில் திரும்பும் வழி, முகட்டை நோக்கியிருந்தால் மாலையில் இறங்கும் வழி. பரண் மரத்தை அன்றைக்கே குறித்து, குறுக்கே வரும் கிளைகளை நில உரிமையாளரிடம் கேட்டு அப்போதே வெட்டிவிடுங்கள்.